அவர் நம்பரில் வரும் பாட்டு

14 மார்ச் 2006, செவ்வாய்

மாமியார் இறந்து எட்டு மாதம் ஆகிறது. காரியம் முடிந்த அன்றே என் வீட்டுக்காரர் டேப் ரெக்கார்டரைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். "வருஷத் திதி முடியற வரைக்கும் இந்த வீட்ல பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது" என்றார். அம்மாவைப் பறிகொடுத்தவர் என்று நானும் எதிர்த்துப் பேசவில்லை. சமைக்கும்போது பாட்டு முணுமுணுப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

இன்று மிளகாயும் மல்லியும் அரைக்க பஜாருக்குப் போனேன். மில்லில் கூட்டம். சாப்பிட வருவாரா என்று கேட்க, பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து உப்பளத்தில் இருந்த அவருக்குப் போன் போட்டேன். போன மாதம் வாங்கிய செல். நான் அதற்குப் போடுவது இதுதான் முதல் தடவை. ரிங் போகவில்லை, பாட்டு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் கேசட் தேயத் தேயக் கேட்ட பாப் பாட்டு. அந்தக் கேசட்டும் பரணில்தான் கிடக்கிறது. "நம்பர் தப்பு போல, பாட்டு வருது" என்றேன்.

பூத்துக்கார அக்கா சிரித்தாள். "காலர் டியூன்மா. மாசாமாசம் காசு கட்டி வச்சிருப்பாரு. யாரு போட்டாலும் இதான் பாடும்."

உப்பு லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் கேட்டிருக்கிறான். அவர் அம்மாவுக்குத் துக்கம் காத்தது நான் ஒருத்திதான்.

"அலோ, யாரு?" என்று அவர் எடுத்ததும் வைத்துவிட்டேன். மறுபடி போட்டேன். எடுத்துவிடக் கூடாதே என்று இருந்தது. சரணம் வருவதற்குள் எடுத்துத் தொலைத்தார்.

சாப்பிடும்போது, "எவனோ பூத்லேர்ந்து போட்டுப் போட்டு வைக்கிறான்" என்றார். நான் குழம்பை ஊற்றினேன்.

மல்லியை அரைக்காமலே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். நாளைக்கும் மில்லுக்குப் போக வேண்டும்.