ஊசி அசையாத இரண்டு ஞாயிறுகள்

அன்புள்ள மகன் ரமீரோவுக்கு,

எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன். 1. எங்கள் உடல்நிலை. 2. நான் அம்மாவிடம் சொன்ன பொய். 3. நீ ஏன் பேசவில்லை. 4. கம்பளிக் காலுறை.

நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே பனியில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் நிம்மதி. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை, மாத்தே தேநீர் குடிக்கத் தண்ணீர் வைத்தால் அது ஆறும்வரை நடந்துகொண்டே இருக்கிறேன்.

இரண்டு ஞாயிறாக ரவியோலி சாப்பிட்ட கையோடு பக்கத்து வீட்டுத் தெல்மாவின் பேசும் ரேடியோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம். அவள் ஒரு மணி நேரம் உன் முகாமைக் கூப்பிட்டாள். பிரேசில்காரன் பக்கத்து அறையில் இருப்பதுபோலக் கேட்கிறான், அண்டார்க்டிகாவிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. "தோன் அன்செல்மோ, பெத்தவங்கள விட்டு ஓடுறவனுக்குப் பனியே போதும்னு ரேடியோவுல ஊரே கேக்க அவன்கிட்டச் சொன்னீங்களே, அந்த முகாம்ல ரேடியோவப் பாத்துக்கிறவனே அவன்தான், அணைச்சுட்டுப் படுத்திருப்பான்" என்று தெல்மா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கடைசியாகப் பேசியபோது, இன்னொரு குளிர்காலமும் அங்கேயே இருக்கக் கையெழுத்துப் போடுவேன் என்று நீ சொன்ன ஆத்திரத்தில் அப்படிப் பேசிவிட்டேன். சூரியப் புயல், ரேடியோ எட்டாது என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "புயலா, நீங்க பேசின பேச்சா? எங்க, உங்க தாளு என்ன சொல்லுதுன்னு பாக்குறேன்" என்றாள். நான் வேலை பார்த்த காந்த ஆய்வகத்திலிருந்து எனக்கு இன்றும் வரும் தினசரி அறிக்கையை அடுப்படிச் சுவரில்தானே குத்திவைக்கிறேன். இரண்டு ஞாயிறும் காந்த ஊசி அசையவில்லை, குறியீட்டு எண் வெறும் ஒன்று, அதாவது புயலே இல்லை. அவள் கண்ணாடியைத் தேடுவதற்குள் இரண்டு தாளிலும் ஒன்றின் தலையில் கோடிழுத்து ஏழாக்கினேன். ஏழென்றால் கடும் புயல் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். நாற்பது வருட வேலையில் ஓர் எண்ணைக்கூட மாற்றியதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ஆகவே மூன்றாவது. வானம் சாதுவாக இருந்தும் நீ பேசவில்லை என்றால் காரணம் நான்தான். கையெழுத்துப் போடு, இனி நான் குறுக்கே நிற்க மாட்டேன். இது உன் கைக்குக் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு அம்மாவோடு மட்டுமாவது பேசு, நான் தெல்மா வீட்டு வாசலில் நின்றுகொள்கிறேன்.

இதோடு இரண்டு ஜோடிக் காலுறை வருகிறது, ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே. எங்கள் ஆசி என்றும் உன்னோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அப்பா,
அன்செல்மோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தேதிகளைச் சரிபார்க்கத் தாள்களை எடுத்தேன். காந்த வரியோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம், கடைசி வரியை இன்றுதான் படித்தேன். இரண்டு ஞாயிறும் சூரியனிலிருந்து துகள்கள் துருவத்தில் கொட்டியிருக்கின்றன. அவை எங்கள் ஊசியை அசைக்காது, பிரேசில் பக்கம் போகாது, உன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் ரேடியோவுக்கு மூடிவிடும். நீயும் அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருப்பாய். கையெழுத்துக்குக் கொடுத்த சம்மதம் அப்படியே நிற்கட்டும். மூன்றாவதில் நான் எழுதிய காரணம் தவறு.