நான் சிரித்த இடம்

மாப்ள,

இன்று காலையில் எதிர்த்த தச்சுப்பட்டறையில் வச்சிரப் பசை காய்ச்சினார்கள். காளவாசல் செங்கல் சூளைகளின் புகையையும் மீறிக்கொண்டு, தோலைப் பொசுக்கினது போன்ற அந்த வாடை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. என் வீட்டுக்காரி மைமூன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தப் போனாள். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றேன். ஆறு வருஷம் நாம் இரண்டு பேரும் அந்தப் பசையில்தான் வண்ணப்பொடியைக் குழைத்தோம். சோற்றில், சட்டையில், தலைமுடியில் எல்லாம் அதே வாடையோடு திரிந்தோம்.

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அந்த வாடை வந்ததும் முதலில் உன் முகம் நினைவுக்கு வரவில்லை. உன்மேல் எனக்கிருந்த எரிச்சல்தான் வந்தது. முகம் அதற்குப் பிறகுதான். அதனால் இந்தக் கடிதத்தில் உன்னைப் புகழப் போவதில்லை. புகழுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். உன்னைப் பார்த்து வயிறெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை எழுத வேறு ஆள் கிடையாது.

நாடகக் கம்பெனியின் சித்திரக் கொட்டகையில் முதலாளி நம் இருவரையும் மேடைக் காட்சி எழுதுகிற ஒரே படுதாவின் இரண்டு முனைகளில் நிறுத்திய நாளில் இருந்தே எனக்கு உன்னைத் தெரியும். நீ பேரையூர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டில் இருந்து வந்தவன். நான் தெற்குவாசலில் லாந்தர் விளக்கு விற்றவரின் மகன். உருவம் எழுதுகிற தொழிலுக்குப் போனதில் அத்தாவுக்கு என்மேல் தீராத வருத்தம். அந்த வருத்தத்துக்கு ஈடாகவாவது மதுரையில் என்னைவிட நல்ல கை இருக்கக் கூடாது என்று வைராக்கியமாக வரைந்தேன். என் தூண்கள் நேராக நிற்கும். நீ வரைந்த மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஏன் என்று கேட்டால், எங்க ஊர்ல காத்து அந்தப் பக்கந்தான் அடிக்கும் என்பாய்.

சாயங்காலமானால் என் தோளைப் பிடித்து இருபதடி பின்னால் இழுத்துக்கொண்டு போவாய். "நீ சொல்லு மாப்ள. நீ சரின்னாச் சரி" என்பாய். நான் குறை சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவாய். எனக்கு அது பெருமையாக இருந்தது. உனக்கென்று சொந்தப் பார்வை கிடையாது, என் கண்ணை வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறாய் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. மந்திரி வேஷக்காரர் படுத்துவிட்டார் என்று முதலாளி கொட்டகைக்கு ஓடி வந்தார். அந்த வேஷத்தின் வசனம் உனக்கும் பாடம், எனக்கும் பாடம். தினமும் படுதாவுக்குப் பின்னால் நின்று கேட்டவர்கள்தானே. அவர் முதலில் பார்த்தது என்னை. தர்பார் தூணுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தூணை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். நீ தூரிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய்.

அந்தத் தூணை நான் முடித்தபோது, மேடையில் உனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வருஷத்துக்குள் நீ ராஜபார்ட் ஆகிவிட்டாய். மாசி வீதியில் உன்னோடு நடப்பது எனக்குத் தண்டனை ஆனது. கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் உனக்குச் சால்வை போட்டுவிட்டு, அதைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்து, பத்திரமா வச்சுக்கப்பா என்றார். நீ சட்டென்று அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாய். நான் மனம் நோகக் கூடாது என்றுதான் வாங்கினாய். அதில்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இதோடு நீ நின்றிருந்தால் என் பொறாமையும் ஒரு அளவில் நின்றிருக்கும். பேசும் படங்கள் வந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த நேரத்தில், மேடையை விட்டுவிட்டு ஊமைப் படம் எடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். சத்தம் பிடிக்கிற யந்திரத்துக்கெல்லாம் நமக்கு வக்கில்லை, கையால் சுற்றுகிற காமிரா ஒன்று கிடைத்திருக்கிறது என்றாய். ரசிகர்கள் உன் நெஞ்சில் குத்திய தங்கப் பதக்கங்கள் எல்லாம் அந்தக் காமிராவுக்குப் போயின. கதையைச் சொன்னாய். மழை பெய்யாத வருஷத்தில் காட்டை உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி தன் ஒற்றை மாட்டைச் சந்தையில் விற்கிறான். அவ்வளவுதான் கதை. ராஜா யார் என்று கேட்டேன். ராஜா இல்லை என்றாய். பாட்டு? அதுவும் இல்லை. எத்தனை படுதா வேண்டும் என்று கேட்டேன். அதைத்தான் கேட்க வந்திருக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

"படுதா எதுக்கு மாப்ள? வயக்காடு கெடக்கே. நீ வந்து பின்னால நின்னு பாரு, அது போதும்."

என் இத்தனை வருஷத் தூண்களை நீ ஒரே வாக்கியத்தில் சாய்த்துவிட்டாய். உனக்கு அது தெரியவே இல்லை.

திருவாதவூரில் அறுப்பு முடிந்த வயலில் படம் பிடித்தாய். நான் ஒரே ஒரு நாள் வந்தேன். தகரத் தகடுகளைத் தூக்கிப் பிடித்து வெயிலை உன் முகத்தில் விழ வைத்தார்கள். படச்சுருள் குறைவு என்பதால் பத்து முறை ஒத்திகை பார்த்து ஒரு முறைதான் காமிராவைச் சுற்ற விட்டாய். சம்சாரி வேஷமும் நீயேதான். மனைவி வேஷத்துக்கு, கதிர் பொறுக்க வந்த ஒரு பெண்ணையே நிறுத்தியிருந்தாய். நடிக்க வேணாம்க்கா, என்னயப் பாத்துக்கிட்டு நின்னாப் போதும் என்று அவளிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் வரப்பில் நின்றேன். சித்திரக்காரனுக்கு அங்கே வேலையே இல்லை என்பதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். பொய். நீ ஒரு வண்டிக்காரரிடம் சுக்கும் கருப்பட்டியும் கொடுத்து அனுப்பினாய். மைமூன் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

படத்தை முதலில் உங்கள் ஊரில்தான் காட்ட வேண்டும் என்று பேரையூர் டெண்டுக் கொட்டகையில் ஏற்பாடு செய்தாய். எனக்கும் மைமூனுக்கும் முதல் ஆட்டத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தாய். அவள் பெண்கள் பக்கம் போனாள், நான் மணலில் உட்கார்ந்தேன். நீ பின்னால் படம் ஓட்டுகிற யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாய். திரை ஓரத்தில் ஒருவர் கதை சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் பாதி நன்றாக இல்லை. முகங்கள் இருட்டாக இருந்தன. மாடு ஓரிடத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றது. சந்தைக் காட்சியில் கூட்டம் எல்லாம் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்தது. சனங்கள் நெளிந்தார்கள், வெற்றிலை மடித்தார்கள். எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அதற்குப் பிறகு அந்த இடம் வந்தது.

மாட்டை விற்றுவிட்டு அவன் வீட்டுக்கு வருகிறான். நம் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள் இல்லையா, அந்தக் கயிறு அவன் கையில் இருக்கிறது. எதையோ யோசித்துக்கொண்டு நேராகத் தொழுவத்துக்குப் போகிறான். குனிந்து, எப்போதும் போலக் கயிற்றை முளைக்குச்சியில் கட்டுகிறான். கட்டி முடித்துவிட்டு, வைக்கோலை எடுக்கத் திரும்புகிறான். திரும்பிய பிறகுதான் உடம்பு அப்படியே நிற்கிறது. வாசலில் அவன் மனைவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் அசையவில்லை. காமிராவும் அசையவில்லை.

கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. கதை சொல்லுகிறவர்கூட வாயை மூடிக்கொண்டார். எனக்கு முன்னால் இருந்த ஒரு சம்சாரி பாதி மடித்த வெற்றிலையோடு அப்படியே இருந்தார். இருபது வருஷம் படுதா எழுதினாலும் இப்படி ஒரு கூட்டத்தை என்னால் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் கண்ணுக்கு நான் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

நான் சிரித்தேன். தானாக வந்த சிரிப்பு இல்லை அது. வாயைத் திறந்து, சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

ஓரத்தில் இருந்த இளவட்டங்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன், வெறுங்கயித்தக் கட்டுறான்டா என்றான். அதற்குப் பிறகு கொட்டகையே சிரித்தது. படம் முடிகிறவரை, எதற்கென்று இல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

விடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மைமூன் கேட்டாள். "அந்தக் கயித்தக் கட்டையில எனக்கு நெஞ்ச அடச்சுப் போச்சு. நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?" வேடிக்கையாக இருந்தது, சிரித்தேன் என்றேன். பஸ் வந்ததும் அவள் தனியாக வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் நீ சித்திரக் கொட்டகைக்கு வந்தாய். உன் காலடி கேட்டதுமே தூரிகையைக் கீழே வைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றேன். நீ பழைய இடத்தில், வண்ணப்பொடிச் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஓஞ் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு மாப்ள. அம்புட்டுச் சனத்துலயும் ஓஞ் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அந்த எடத்த வெட்டி எறிஞ்சுட்டேன். நீ சிரிக்கிற மாதிரி இருந்தா அது தப்பாத்தான் இருக்கும்."

வெட்டிய துண்டை என்ன செய்தாய் என்று கேட்டேன். கொளுத்திவிட்டதாகச் சொன்னாய். கற்பூரம் மாதிரி எரியுது மாப்ள என்று ஆச்சரியமாகச் சொன்னாய். படம் பிடித்த மூலச்சுருளும் அடுத்த வருஷமே, அதைக் கழுவிப் பிரதி போட்டுக் கொடுத்த இடத்தில் தீப்பிடித்துப் போய்விட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ எழுந்து, நான் எழுதிக்கொண்டிருந்த நந்தவனப் படுதாவை இருபதடி பின்னால் போய் நின்று பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அந்த இடம் இல்லாத படம் இன்னும் மூன்று ஊர்களில் ஓடிப் பெட்டிக்குள் போனது. நீ மறுபடி மேடைக்கு வந்தாய். பழைய கைதட்டல் வரவில்லை. யுத்தம் வந்தது, படச்சுருள் கிடைக்காமல் போனது. நீ கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாய். எனக்கு வேலை குறையவில்லை. அந்த வருஷங்களில் உன்னைப் பார்த்து நான் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நீ பெயர்ப்பலகையில் எழுத்து எழுதும்போது முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாய். ஏதோ ஒரு படத்தின் காட்சியைச் சொல்லிப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். என் தலைக்குள் அப்படி எதுவும் ஓடியதில்லை மாப்ள.

நுரையீரல் கெட்டு நீ பேரையூர் வீட்டில் படுத்திருந்தபோது ஒரு மத்தியானம் வந்தேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் வந்தேன். நீ அடுத்த படத்தின் கதையைச் சொன்னாய். மூச்சு வாங்க வாங்க முழுக்கதையையும் சொன்னாய். பிறகு என் கையைப் பிடித்தாய்.

"இந்தத் தடவ மொத நாள்ல இருந்தே நீ கூட நிக்கணும். அன்னைக்கு நீ காச்சல்ல படுத்ததாலதான் அந்த எடம் தப்பாப் போச்சு."

வாய்வரை வந்தது. கஞ்சி ஆறுது, குடி என்றேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் அந்தப் பக்கத்துச் சம்சாரி. நீ எடுத்த படத்தை அன்றைக்கு டெண்டுக் கொட்டகையில் பார்த்தாராம். தோள் துண்டை எடுத்து, கயிற்றை நீ எப்படிக் கட்டினாய் என்று எனக்குச் செய்து காட்டினார். கட்டிவிட்டு வைக்கோலுக்குத் திரும்பி நின்றதையும் செய்து காட்டினார். அதைச் செய்யும்போது அவர் முகம் மாறியது. எவனோ ஒரு கிறுக்கன் சிரிச்சுக் கெடுத்துப்பிட்டான் என்றார்.

"நாந்தாண்ணே அது" என்றேன்.

துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டார். என்னால் அப்படி ஒன்று செய்ய முடியாது என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது, அதனால்தான் என்றேன். இந்தக் காரணம் போய்ச் சேர்ந்தவருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். உன்னிடம் சொல்ல வேண்டியதை யாரோ ஒருவரிடம் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பொறாமை இன்னும் இருக்கும்போது கேட்கிற மன்னிப்பு என்ன மன்னிப்பு? என் சிரிப்பை நம்பி உன் படத்தின் உயிரையே வெட்டிப் போட்டாயே, ஒரு மனிதனை அவ்வளவு நம்ப என்னால் ஒரு நாளும் முடிந்ததில்லை. இப்போது அதற்குத்தான் அதிகமாக வயிறெரிகிறேன்.

மைமூனோடு எப்போதாவது படம் பார்க்கப் போகிறேன். நல்ல இடம் ஒன்று வரப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்ததும், கையை எடுத்து வாயை இறுகப் பொத்திக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.