இடது கையில் பிடித்த கோல்

உன் கைத்தடி இப்போது என் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. பிடியில் நீ சுற்றிய துண்டுத் துணியில் தைல வாசனை இன்னும் போகவில்லை. முந்தாநாள் தங்கச்சி, அதுதான் உன் வீட்டுக்காரி, கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க செவுத்தைப் புடிச்சிக்கினு நடக்கிறீங்களாமே அண்ணா. அவரு இருந்தா அவரே குடுத்திருப்பாரு" என்றாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

என் வலது முழங்காலும் உன்னுடையதைப் போலவே மக்கர் செய்கிறது. இந்த வருடம் வைகாசி கருட சேவைக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே சேவித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். தடியைப் பார்த்ததும் உன் ஞாபகம் சட்டையைப் பிடித்து உலுக்கியது.

பெருமாளின் பல்லக்குத் தண்டைத் தோளில் சுமந்தே வயதானவன் நீ. முட்டி வீங்கியபோது முதலில் என்ன செய்தாய்? எண்ணெயைத் தடவிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாய். "தேஞ்சது இன்னும் தேயக்கூடாதுடா, ஆடாம அசையாம வெச்சிக்கணும்" என்று எனக்கே பாடம் எடுத்தாய். படுக்கப் படுக்க எழுந்திருப்பதே பெரும்பாடாகிப் போனது. வைகாசியில் பெருமாளோடு நடக்க முடியாதோ என்று நீ அழுததைத் தங்கச்சிகூடப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, எடையைக் குறையுங்கள், வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள் என்றார். பிசியோதெரபி பெண்தான் உன்னை உட்காரவைத்துப் புரியவைத்தாள். "படுத்தே இருந்தா தொடைச் சதை வத்திப் போயிடும் ஐயா. அது தாங்கலைன்னா மொத்த பாரமும் முட்டி மேலதான்." துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டச் சொன்னாள். நீ பிடித்தால் குரங்குப் பிடியாயிற்றே. நான் காபி குடிக்க வந்தால்கூடக் காலை நீட்டிக்கொண்டேதான் பேசுவாய். குந்தி உட்காருவதை விட்டாய். மிளகு மணக்கும் கோயில் இட்லியை ஒரு விள்ளலோடு நிறுத்திக்கொண்டாய். அதைப் பார்த்த அன்றே இவன் நடந்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தடிக்கு மட்டும் மசியவில்லை. "தண்டு தூக்கின ஆளுடா நான். தடி ஊணிக்கினு பெருமாள் எதிர்ல போறதா?" என்று எரிந்து விழுந்தாய். அப்புறம் ஒரு நாள் உங்கள் தெருவில் புறப்பாடு வந்து நின்றது. பல்லக்குத் தாங்கிகள் வழக்கம்போல் முனை இரண்டாகப் பிரிந்த கவைக்கோலைத் தரையில் ஊன்றித் தண்டை அதன்மேல் இறக்கித் தோளை ஆற்றிக்கொண்டார்கள். வாசல் நாற்காலியில் இருந்த நீ திடீரென்று சிரித்தாய். "பார்ரா, பெருமாளையே முட்டு குடுத்துத்தான் நிக்க வெக்கிறாங்க. எனக்கு இன்னா வெக்கம்?" மறுநாளே இந்தத் தடியை வாங்கிவிட்டாய்.

வாங்கியும் வலக்கையில்தான் பிடித்தாய். வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள் என்று அந்தப் பெண் சொன்னதற்கு, "பாரம் எந்தப் பக்கமோ கோலும் அந்தப் பக்கந்தாம்மா. தண்டு தூக்குற எங்க வழக்கம் அது" என்று மல்லுக்கு நின்றாய். அவள் சிரித்துக்கொண்டே, "அது நிக்கிறதுக்கு ஐயா. நீங்க நடக்கணும்" என்றாள். தடியை இடக்கைக்கு மாற்றினாய். வலது காலும் இடது கைத்தடியும் ஒன்றாக முன்னே போகப் பழகினாய்.

வைகாசி வந்தது. கோபுர வாசலிலிருந்து முதல் மண்டகப்படி வரை நடந்தாய். அங்கே உன் பழைய கூட்டாளிகள், "ஒரு தோள் குடுங்கண்ணே" என்று கூப்பிட்டார்கள். உன் கண் மின்னியதைப் பார்த்து நான் ஓரடி கிட்டே வந்தேன். நீ தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையை எடுத்துவிட்டாய். "புடிச்சா வுட மாட்டேன்பா. அந்தப் பொண்ணுகிட்ட தூக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்." சுமந்த காலத்தில் எத்தனையோ முறை உன்னைப் பார்த்து வியந்திருக்கிறேன். தூக்காமல் நின்ற அன்றுதான் உன்னைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அதற்குப் பிறகும் நடந்துகொண்டேதான் இருந்தாய். போன ஐப்பசியில் நெஞ்சு வலி வந்து போய்விட்டாய். முட்டி உன்னை ஒன்றும் செய்யவில்லை.

இன்று விடியலில் உன் தடியை இடக்கையில் ஊன்றிக்கொண்டு நான் போனேன். முதல் மண்டகப்படியில் பெருமாள் நின்றார். தாங்கி ஒருவன் என் கையைப் பார்த்து, "அண்ணனோட தடிதானே?" என்று கேட்டான். தலையாட்டினேன். பக்கத்தில் நீ இல்லையே என்று துணி சுற்றிய பிடியை இறுக்கிக்கொண்டேன். நின்ற இடத்தில் எப்போது வலக்கைக்கு மாற்றினேனோ தெரியவில்லை, தடி வலது பக்கம் ஊன்றியிருந்தது. "கோவிந்தா" என்று கூட்டம் முழங்கத் தண்டு எழுந்தது. "நீங்க நடக்கணும்" என்று அந்தப் பெண் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.