பதினைந்தாவது ஸ்டிக்

ஜூலை 7, திங்கள்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன். பக்கமெல்லாம் மணக்கப்போகிறது.

தொழிற்சாலை விளையாட்டு மன்றச் செயலாளர் மேசைக்கு, அதாவது என் மேசைக்கு, இன்று ஒரு விண்ணப்பம். தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் ஜோனிட்டா என்ற பெண், வயது இருபத்து நான்கு. மாநில அணித் தேர்வுக்குப் போக மூன்று நாள் விளையாட்டு விடுப்பு வேண்டுமாம். என்ன விளையாட்டு? கோல்ஃப்!

சிரித்துவிட்டேன். எங்கள் பட்டியலில் கோல்ஃப் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் இருக்கிறது, தூண்டில் போடுவதற்கும் கராவோக்கேக்கும் நடுவில். அங்கே போட்டவனே நான்தான். பதினோரு வருஷம் மாநிலத்துக்கு ஹாக்கி ஆடியவன். விளையாட்டு என்றால் எதிரில் ஒருத்தன் ஸ்டிக்கை ஓங்கிக்கொண்டு வரவேண்டும், மூச்சு முட்டவேண்டும், விசில் அடிக்க ஒரு ஆள் வேண்டும். இங்கே பந்து பாட்டுக்குப் படுத்திருக்கிறது. பக்கத்தில் இவர்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இதற்கு விடுப்பா?

'அனுமதி இல்லை' என்று எழுதிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

அந்தப் பெண் நேரிலேயே வந்துவிட்டது. சண்டை போடும் என்று நினைத்தேன். போடவில்லை. "ஒரு தடவ வந்து பாருங்க அங்கிள். பாத்துட்டு இல்லன்னு எழுதுங்க" என்றது, அவ்வளவுதான்.

வீட்டில் பிரிஜிட்டிடம் சொன்னேன். போய்ப் பார்ப்பதற்கு என்ன பயம் என்று கேட்டாள். எனக்கா பயம்? முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது!

ஜூலை 13, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜாசின் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கோல்ஃப் திடல். ஜோனிட்டாவின் அப்பா சவரியப்பன் அங்கே புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். அதனால் ஞாயிறு விடியற்காலையில் மகளை ஆடவிடுகிறார்கள். முதலில் என்னை அடிக்கச் சொன்னார்கள். எகிறி வருகிற பந்தையே அடித்த கை இது, சும்மா கிடக்கிற பந்து எம்மாத்திரம் என்று வீசினேன். காற்று. மறுபடி வீசினேன். மண். ஐந்தாவது தடவை பந்து மூன்றடி உருண்டது, அதுவும் பக்கவாட்டில். சவரியப்பன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஜோனிட்டா அடித்தது.

சத்தம் முதலில் கேட்டது. பந்து எங்கே? தேடினேன். மரங்களுக்கு மேலே, இன்னும் மேலே, நின்றுவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மிதந்துபோய், அந்தப் பெண் கைகாட்டிய இடத்திலேயே இறங்கியது. கர்த்தரே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இந்த ஒல்லிக்குச்சி உடம்புக்குள் இத்தனை பலம் எங்கே இருந்தது?

பதினெட்டுக் குழி. நாலரை மணி நேரம். பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தது. ஹாக்கியில் தப்பு செய்தால் அடுத்த நொடியே ஓடி மறந்துவிடலாம். இங்கே தப்பு செய்த இடத்துக்குத் தானே நடந்துபோய், அங்கிருந்து மறுபடி அடிக்கவேண்டும். எதிராளி கிடையாது, திட்டுவதற்கும் ஆள் கிடையாது. நான் அங்கே நின்றிருந்தால் எட்டாவது குழியிலேயே அழுதிருப்பேன்.

ஜூலை 14, திங்கள்

முதுகு, தோள், விலா, எல்லாம் வலி. விடுப்பில் கையெழுத்துப் போட்டேன். இது என் பொறுப்பில் கொடுத்தது. பட்டியலை நிரந்தரமாக மாற்றுவதைச் செயற்குழு ஆகஸ்டில் முடிவு செய்யும். மாற்றினால்தான் டிசம்பரில் நடக்கும் அடுத்த தேர்வுக்கும் அந்தப் பெண்ணுக்கு விடுப்பு கிடைக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

தேர்வின் இரண்டாம் நாள் முடிந்தது. நான்தான் பை தூக்குகிறேன். சவரியப்பனுக்கு வேலை, நானும் விடுப்புப் போட்டுவிட்டேன். மொத்தத்தில் குறைவான அடிகளில் முடிக்கும் முதல் நான்கு பேருக்கு அணியில் இடம். ஜோனிட்டா மூன்றாவது!

பையில் இருக்கும் கோல்ஃப் ஸ்டிக்குகளில் ஒன்றின் கைப்பிடி தளர்ந்திருக்கிறது. ஜோனிட்டா அதில் டேப் சுற்றிக்கொண்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரே ஸ்டிக்கை நம்பி எவனாவது களத்தில் இறங்குவானா? கிளேபாங்கில் பழைய சாமான் கடையில் அதே எண் போட்ட ஒன்று கிடைத்தது. நாளைக் காலை பையில் சொருகிவிடுவேன். தேவைப்படும்போது எடுத்து நீட்டினால் அசந்துபோகும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நான் ஒரு முட்டாள்.

இரண்டு குழி முடிந்து மூன்றாவதுக்கு வந்தோம். ஜோனிட்டா பையில் கைவிட்டது, கை அப்படியே நின்றது. ஒவ்வொன்றாக எண்ணியது. பதினைந்து. பதினான்குக்கு மேல் இருக்கக்கூடாதாம். ஆடிய ஒவ்வொரு குழிக்கும் கணக்கில் இரண்டு அடியைக் கூட்டிவிடுவார்களாம், அதுதான் தண்டனை. மொத்தம் நான்கு.

எனக்கு என்ன தெரியும்? எண்ணிக்கை பார்த்து ஸ்டிக் எடுத்துப்போவதை வாழ்க்கையில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

கூட ஆடும் இரண்டு பெண்கள் தூரத்தில் இருந்தார்கள். நடுவர் யாரும் இல்லை. பக்கத்தில் ஆழமான வாய்க்கால். சொல்கிறேன், மறைக்காமல் எழுதுகிறேன். "தூக்கி அதுல போட்டுர்றேன்மா, யாரும் பாக்கல" என்றேன்.

அது என்னைத் திரும்பிப் பார்த்தது. கோபமே இல்லை. "நாம பாத்துட்டோமே அங்கிள்."

அந்த ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு நேராக அவர்களிடம் நடந்துபோய்த் தானே சொன்னது. திரும்பி வந்து தண்ணீர் குடித்தது. அதன்பிறகு பதினாறு குழி ஆடியது பாருங்கள்! தோள் ஒரு இம்மி தொங்கவில்லை. கடைசிக் குழியில் பந்தை உருட்டும்போது நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐந்தாவது இடம். ஒரே ஒரு அடியில் போனது.

வரும் வழியில் நாசி லெமாக் சோறு வாங்கி, எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டியது. சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேண்டீனில் இதே பேச்சு. பதினைந்து வரைக்கும் எண்ணத் தெரியாத பெண்ணுக்கு மூன்று நாள் விடுப்பா என்று சிரிக்கிறார்கள். ஜோனிட்டா எல்லோரிடமும், எண்ணாமல் போனது தன் தப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறது. யார் சொருகியது என்று சொல்லவில்லை. மன்றத் தலைவர் ஜமீல், அடுத்த வாரம் கோல்ஃபுக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்றான்.

சாயந்திரம் சவரியப்பன் போன் செய்தார். மகளின் அஜாக்கிரதையால் என் மூன்று நாள் வீணாகிவிட்டது, மன்னிக்கவேண்டும் என்றார்.

பரவாயில்லை என்று சொன்னேன். சொன்னேனே! அந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் பெரிய மனசோடு பரவாயில்லை என்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலில் பூசையின்போது நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை, இந்த மனசோடு எப்படி வாங்குவது? பிரிஜிட் பார்த்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

செயற்குழு. ஏழு பேர். கோல்ஃபைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாம் என்று ஜமீல் ஆரம்பித்தான். ஓடுவதில்லை, மோதுவதில்லை, ஸ்டிக்கைக்கூட ஒழுங்காக எண்ணுவதில்லை என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

எழுந்தேன். அந்த ஸ்டிக்கைச் சொருகியது நான், தூக்கிப்போடச் சொன்னதும் நான் என்று சொன்னேன்.

ஜமீலும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள். நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "அப்ப எந்த ரெஃப்ரி பாத்தாரு?"

"யாரும் பாக்கல, ஜமீல்."

அங்கே இருந்த ஏழு பேரும் ஏதோ ஒரு ஆட்டம் ஆடியவர்கள்தான். விசில் கேட்காதவரைக்கும் தப்பே இல்லை என்று ஆடியவர்கள்தான், நானும் சேர்த்து. அதில் யாரும் இப்போது சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னதும் முதலில் தூக்கியது ஜமீல். ஐந்துக்கு இரண்டு. கோல்ஃப், ஹாக்கிக்குக் கீழே அடுத்த வரியில்.

ஜோனிட்டாவுக்கு விஷயம் போய், வேலை நேரத்திலேயே வந்துவிட்டது. சந்தோஷப்படும் என்று பார்த்தால், முதல் தடவையாகக் கோபம். பை தன்னுடையது, கிளம்புவதற்கு முன் எண்ணவேண்டியது தன் வேலை, சட்டமே அப்படித்தான், நான் எதற்குக் குறுக்கே வந்தேன் என்றது. வெட்கப்படுவதற்குக்கூட எனக்கு இடம் விடவில்லை. என்ன மாதிரி ஆட்டம் இது, இப்படி ஒரு ஆளை உண்டாக்குகிறது? நான் விளையாடியதெல்லாம் என்ன?

இன்னும் ஒருவரிடம் சொல்லவேண்டும். போனில் முடியாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலை முடிந்து நேராகத் திடலுக்குப் போனேன். சவரியப்பன் ஒன்பதாவது குழிப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்று போனில் சொன்னதையும்.

மகள் அங்கே வைத்து அழுததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"வீட்டுக்கு வந்து அழுதுச்சு, சார். நான் திட்டுன பெறகு."

இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த புல்லைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டார். மகளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், தனியாகக் கேட்க வாய் வராது, நான் பக்கத்தில் நின்றால் போதும் என்றார்.

நானும் கேட்கவேண்டியிருக்கிறது, வருகிறேன் என்றேன்.