மட்டம் பார்த்து வைத்த இன்ஜின்

நேற்றுப் போட்டிருந்த சட்டையை இன்று காலை என் மனைவி இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் கம்பியில் மாட்டினாள். "இத மெஷின்ல போட்டா வீட்டுத் துணி பூராவும் நாறும். டயரைக் கொளுத்துனீங்களா, இல்ல டயருக்குள்ள உக்காந்திருந்தீங்களா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் சட்டையை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தேன். கருகிய ரப்பர், கொஞ்சம் பெட்ரோல், என் வேர்வை. நன்றாக மூச்சை இழுத்து விட்டேன். நீ போன பிறகு அடிவயிறு வரைக்கும் மூச்சு இறங்கியது இன்றைக்குத்தான்.

உனக்குச் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எதற்கும் பொறுமை இல்லாதவன். வண்டி ஓடியது. உன் தங்கை மெர்சிதான் ஓட்டினாள். ஒன்றும் உடையவில்லை. இன்ஜின், நீ போட்ட அதே இன்ஜின்.

உன் அப்பா ஓட்டிய கறுப்பு மஞ்சள் டாக்சி அது. அவர் காலமான பிறகு, மும்பை சுனாபட்டியில் ரயில்வே சுவரை ஒட்டிய நம் ஷெட்டின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. காயலான்கடைக்காரன் வந்து கேட்டபோதெல்லாம் நீ தரவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு உன் போனை என்னிடம் நீட்டினாய். எங்கோ வெளிநாட்டில் ஒருவன் வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, புகை கிளம்ப வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனான். "ஏம்ல, இம்புட்டு நல்ல ரோட்டுல நேரா போனா என்ன?" என்று கேட்டேன். "நேரா போறதுக்கு பஸ் இருக்குல்லா. கிங்ஸ் சர்க்கிள்ல ஏறு, சயான்ல எறங்கு. இது டிரிஃப்ட்ல, இது வேற" என்றாய். அப்படியே எழுந்து போய்த் தார்ப்பாயைத் தூக்கினாய். "அப்பா வண்டி பின்சக்கரத்துல ஓடுத வண்டி. இந்தக் காலத்து வண்டில்லாம் முன்சக்கரம். நமக்குன்னே வச்சிட்டுப் போயிருக்காரு பாத்தியா?" என்றாய். நீ ஓட்டப் போவதில்லை என்பதை மட்டும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டாய். உங்கள் வீட்டில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவள் மெர்சி ஒருத்திதான். நீயும் நானும் வண்டிக்கு அடியில் படுக்கத்தான் லாயக்கு.

சண்டை இன்ஜினில் வந்தது. டாக்சியின் பழைய இன்ஜின் சவாரி ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோனது. அதை மாற்ற வேண்டும் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. குர்லா பழைய சாமான் சந்தில் நான் ஒரு வேனின் சின்ன இன்ஜினைப் பார்த்து வைத்தேன். கொண்டுவந்தால் அலுங்காமல் உட்கார்ந்துவிடும். நீயோ முன்பக்கம் நசுங்கிய ஒரு ஜீப்பின் இன்ஜினை, கியர்பாக்ஸோடு, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாய். வண்டிக்கும் அதற்கும் யானைக்கும் கோழிக்கூண்டுக்கும் உள்ள பொருத்தம். நான் திட்டினேன். நீ சிரித்தாய். "சின்ன இன்ஜின் போட்டா டயர் சுத்தாதுல. டயர் சுத்தலைன்னா அதுக்குப் பேரு டிரிஃப்ட் இல்ல, பார்க்கிங்." அதற்கு மேல் உன்னிடம் யார் பேசுவது? முன்சட்டத்தை அறுத்தோம். இன்ஜினுக்கும் ஓட்டுபவர் காலுக்கும் நடுவில் உள்ள தகரத்தைச் சுத்தியலால் உள்ளே தள்ளினோம். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்டை லேத்தில் கொடுத்து அளவாக வெட்டி ஒட்டினோம்.

இன்ஜினை வைக்கும் நாளில் நீ எங்கிருந்தோ ஒரு ரசமட்டம் கொண்டுவந்தாய். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, பச்சைத் தண்ணீருக்குள் குமிழி ஓடும், அது. இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, நான் இம்மி இம்மியாக இறக்க, நீ குனிந்து குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "கண்ணு பொய் சொல்லும், கை பொய் சொல்லும். குமிழி பொய் சொல்லாதுல." அது நடுவில் வந்து நின்றதும் "ஆண்டவர் சாட்சி, மட்டம்!" என்று கத்தினாய். அந்த நிலையிலேயே இன்ஜினைத் தாங்கும் பட்டைகளையும் கியர்பாக்ஸைத் தாங்கும் பட்டையையும் வெல்டு வைத்தோம். முதல் ஸ்டார்ட்டுக்கு உன் அம்மா வந்து பானட் மேல் கைவைத்து ஜெபித்தார். நான் என் பங்குக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். "ரெண்டு பக்கமும் சொல்லியாச்சி. இதுக்கு மேல ஸ்டார்ட் ஆகலைன்னா பேட்டரிதான்" என்று சாவியைத் திருப்பினாய். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைக்கும்தான். காலி மைதானத்துக்கு இழுத்துப் போய் மெர்சி ஓட்டினாள். இரண்டாவது கியரில் காலைக் கொடுத்ததும் வண்டித் தரைக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் வந்தது. குளிர்காய்ச்சல்காரனின் பல் அடிப்பது மாதிரி, அவள் முட்டிக்குப் பக்கத்திலேயே. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது. கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தோம். ஷாஃப்டை மறுபடி லேத்துக்குக் கொடுத்து எடை சரிபார்த்தோம். நடுக்கம் போகவில்லை. அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது.

கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அன்று, நின்றுபோன கார்களைத் தள்ளிவிட நீ போனாய். காலில் டயர் கம்பி கிழித்த காயம் ஆறாமல் இருந்தது. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா நீ? நனைந்த கோழி மாதிரி வந்து டீ குடித்துக்கொண்டே, யார் யார் வண்டியைத் தள்ளினேன் என்று பெருமை பேசினாய். அந்த வாரக் கடைசியில் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாக, மூச்சு வாங்க, நீ என்னிடம் பேசியது வண்டியைப் பற்றித்தான். "இன்ஜின் மேல தப்பில்லல இசக்கி. தப்பு வேற எங்கயோ கெடக்கு. பாரு." சரி என்றேன். நீ போய்விட்டாய்.

சரி என்று சொல்வது சுலபம். அதன் பிறகு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். சந்துக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே தீர்ப்பு. சின்ன வண்டிக்குப் பெரிய இன்ஜின், பையன் அவசரப்பட்டுட்டான் என்றார்கள். செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. நடுக்கத்தோடு முழு வேகத்தில் ஓட்டினால் ஷாஃப்ட் ஒருநாள் முறியும். முறிந்தால் அது தரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். சுற்றிலும் இரும்பு வளையம் போட்டிருந்தோம்தான். ஆனால் ஒரு வளையத்தை நம்பி உன் தங்கையை அங்கே உட்கார வைக்க முடியுமா? உன் அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்தி.

மெர்சி விடவில்லை. விக்ரோலி ஆபீஸ் முடிந்து லோக்கல் ரயில் பிடித்து நேரே ஷெட்டுக்கு வருவாள். பன்வேலைத் தாண்டி ஒரு மூடிய மைதானத்தில் டிரிஃப்ட் பிரியர்கள் கூடும் நாளுக்கு உன் வண்டியின் பெயரைக் கொடுத்திருந்தாள். இன்ஜினை இறக்கிவிட்டு வேன் இன்ஜினை வைக்கிறேன், அது வரைக்கும் சாவி தர மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்கண்ணன் போட்டது தப்புன்னு சொல்லுங்க இசக்கிண்ணே. சுத்தி வளைக்காம வாயத் தொறந்து சொல்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்."

"நான் அப்படிச் சொன்னனா?"

"சொல்லலை. ஆனா இன்ஜினை எடுக்கப் போறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். சாவியைக் கொடுத்தால் அவள் உயிர். கொடுக்காவிட்டால் உன் பேர். பழுதான எதையும் கழற்றிப் போட்டுவிடும் எனக்கு இதைக் கழற்றத் தெரியவில்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் வரவும் இல்லை.

இந்த வருஷத்து முதல் பெருமழை ஷெட்டுக்குள் வழக்கம்போல் ஏறியது. காலையில் தண்ணீர் வடியத் தொடங்கியதும் துடைப்பத்தோடு போனேன். தள்ள வேண்டிய வேலையே இல்லை. தண்ணீர் தானாக வாசல் பக்கம் ஓடி, சாக்கடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஓடத்தானே செய்யும்? அப்படி ஓட வேண்டும் என்றுதானே நீயும் நானும் சிமெண்ட் குழைத்து அந்தத் தளத்தைச் சாய்வாகப் போட்டோம்? அங்கே நட்டு விழுந்தால்கூட வாசலைப் பார்த்துத்தான் உருளும். காலால் தடுத்து எடுத்து எடுத்துப் பழகி, தளம் சாய்வு என்பதே நமக்கு மறந்துபோயிருந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு உன் ரசமட்டத்தைத் தேடி எடுத்தேன். வண்டி, நாம் இன்ஜின் வைத்த அதே இடத்தில், மூக்கு வாசலைப் பார்த்து நின்றது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி பின்பக்கமாக ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றது, நாம் இன்ஜினை மட்டும் பூமிக்கு மட்டமாக வைத்தோம். குமிழி பொய் சொல்லவில்லை. அது தரைக்குக் கணக்குச் சொன்னது, வண்டிக்கு இல்லை. வண்டியை வைத்துப் பார்த்தால் கியர்பாக்ஸின் வால் கீழே தொங்குகிறது, பின் ஆக்ஸில் நேராக இருக்கிறது. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் வளைவு ஒன்றாக இல்லை. அப்புறம் அது நடுங்காமல் என்ன செய்யும்? கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நான் தனியாகச் சிரித்தேன். பிறகு அழுதேன். பக்கத்து ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்து "க்யா ஹுவா பாய்?" என்று கேட்டவரிடம், "ஒண்ணுமில்ல, மட்டம்" என்றேன்.

மெர்சிக்குப் போன் போட்டேன். "இன்ஜின் மேல தப்பில்ல மெர்சி. தரை மேல தப்பு" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கியர்பாக்ஸைத் தாங்கும் பட்டைக்கு மேலே விரல் தடிமனில் ஒரு தகடு வைத்து வாலைத் தூக்கினேன். அவ்வளவுதான் வைத்தியம். அதற்குத்தான் அத்தனை பேர் தீர்ப்பும்.

ஜாக்கில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தபோது அமைதியாக இருந்தது. ஆனால் ஜாக்கில் சுற்றுவது வேறு, பாரத்தோடு சுற்றுவது வேறு. ஆகவே நேற்று, மழை ஓய்ந்து காய்ந்திருந்த பன்வேல் மைதானத்தில் பயிற்சிச் சுற்றுக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நானே அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். உடைந்தால் இரண்டு பேருக்கும் உடையட்டும். ஷாஃப்ட் ஓடும் மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். "டர் லக்தா ஹை க்யா?" என்று உன்னை மாதிரியே இந்தியில் நக்கலாகக் கேட்டாள். பயம்தான் என்றேன். அவள் காலைக் கொடுத்தாள். இரண்டாவது கியர். எப்போதும் நடுக்கம் வரும் இடம் வந்தது. என் கைக்குக் கீழே ஒரே சீரான முனகல் மட்டும் கேட்டது. வளைவில் அவள் ஸ்டியரிங்கைத் திருப்ப, பின்பக்கம் வழுக்கி வெளியே போக, ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்து என் முகத்தில் அப்பியது. வண்டி பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. நான் எதையோ கத்தினேன். என்னவென்று எனக்கே தெரியாது. வண்டி நின்றதும் மெர்சி சொன்னாள்: "அண்ணே, கைய எடுங்க. போதும். எங்கண்ணன் சரியாத்தான் போட்டிருக்கான்."

கையை எடுத்தேன். அதன் பிறகு அவள் தனியாக ஓட்டினாள். நான் வேலிப் பக்கம் நின்று, பயமில்லாமல், சோளப்பொரி தின்றுகொண்டு பார்த்தேன். பரிசு கிரிசு ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்குப் போன் போட்டு "நல்லா ஓடுச்சிம்மா, பிள்ளை பத்திரமா இருக்கா" என்று சொன்னபோது அவர் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் அவர் எத்தனை மாதம் தூங்கவில்லை என்று தெரிந்தது.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். நீ போன பிறகு நான் உன்னோடு மனசுக்குள்கூடச் சண்டை போட்டதில்லை. உன் பேரில் அவ்வளவு பெரிய சந்தேகத்தை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது? நல்லவன், பாவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பாவம் என்று நினைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நேற்று அந்தப் பாரம் இறங்கியது. திரும்பும் வழியெல்லாம், வாஷி பாலத்தின் மேல் மெர்சி தூங்கி வழிந்துகொண்டிருக்க, நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஏலே, நான் சொன்ன சின்ன இன்ஜினைப் போட்டிருந்தால் சட்டத்தை அறுத்திருக்க வேண்டாம், தகரத்தை அடித்திருக்க வேண்டாம், ஷாஃப்டை வெட்டியிருக்க வேண்டாம், ஒரே நாளில் நாலு டயரை முழுங்கியிருக்காது. இதற்கு நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் சொல்லப்போகும் பதிலும் தயாராக இருக்கிறது.