அன்று நீ முடியவில்லை என்றாய்

என் செல்லத் தம்பி குமரா,

உன் வசந்தியும் பிள்ளைகளும் நானும் இதே வீட்டில்தான் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்று மட்டும் கேட்காதே.

டயாலிசிசில் நீ வதங்கிக் கிடந்தபோதும் என் சிறுநீரகம் வேண்டாம் என்று ஒரு வருடம் அடம்பிடித்தாய். "உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யார் மூஞ்சில முழிக்கிறது?" என்றாய்.

கடைசியில் நீ சம்மதித்து, கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை முடிந்து ஈப்போ திரும்பியபோது, ஒரு காலத்தில் லாரியில் மூட்டை ஏற்றிய உன் கால்கள் குச்சியாகியிருந்தன. படுத்தே கிடந்தால் தசை கரைந்துவிடும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்றாள் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண். எனக்கும் தையல் ஆறாத நேரம். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நம் தாமானின் வீட்டு வரிசைகளைச் சுற்றுவோம். "நான் நடக்கல லா அக்கா. உன் கிட்னிதான் என்னை இழுத்துட்டுப் போவுது" என்று சிரிப்பாய். மூன்றாவது மாதம் திடல் வரை நிற்காமல் நடந்தாய்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.

"அக்கா, இன்னிக்கு முடியல. உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. நாளைக்குப் போலாமா?"

"ஒரு நாள் விட்டா ஒரு வாரம் விடுவ. கெளம்பு லா."

நீ சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டாய். பாதி வழியில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்போதும் நான், "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றேன். சாயங்காலம் காய்ச்சல். நுரையீரலில் கிருமி என்றார்கள். ஒன்பதாம் நாள் நீ இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். "நடக்க வச்சதால இல்லம்மா. புதுச் சிறுநீரகத்த உடம்பு தள்ளாம இருக்கக் கொடுக்கிற மருந்து, எதிர்ப்புச் சக்தியக் கொறச்சிடும். கிருமி அதுக்கு முன்னாடியே வந்திருக்கும்" என்றார். வந்திருக்கும் என்றாரே, வந்துவிட்டது என்று ஏன் சொல்லவில்லை? முடியவில்லை என்றபோதே உன் நெற்றியை நான் தொட்டுப் பார்த்திருந்தால்?

என்னையும் நடக்கச் சொல்கிறார்கள். வாசல் கேட்டைத் தாண்டினால் கால் வரமாட்டேன் என்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அன்று காலை வசந்தி வேலைக்குப் போயிருந்தாள். நேற்று வரை அவளுக்கு இதெல்லாம் தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம், "அக்காதான் அவர எழுப்பி நடக்க வச்சாங்க" என்று பெருமையாகச் சொல்வாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். நேற்று தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியலன்னு சொன்னாரா?"

"சொன்னான்."

கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். இன்னும் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்வேன், தம்பி? கதவைத் தட்டவும் பயமாக இருக்கிறது.

அவள் எப்போது கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், நடந்ததை நடந்தபடியே சொல்வேன். டாக்டர் சொன்னதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். பேசாமலே இருந்தாலும் அவளையும் பிள்ளைகளையும் விட்டுப் போக மாட்டேன்.

அன்று உன் பேச்சைக் கேட்காத,
உன் அக்கா