கயிற்றுக்காரனும் அவனைச் சேர்ந்தவர்களும்

மார்ச் 4

அன்பு வாத்தியாரம்மாவுக்கு,

தையல்காரனை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டோம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இனி நம் தெருவில் கடை கிடையாது என்று நேற்று வியாபாரிகள் சங்கத்தில் தீர்மானம் போட்டாயிற்று. அவன் இருப்பது என் கட்டிடம். அதனால் நானே முன்னால் நிற்க வேண்டியதாயிற்று.

பெரிய சாலையில் நாலு மாடிக் கடை திறந்ததிலிருந்து இங்கே எல்லோரும் ஈ ஓட்டுகிறோம். இவன் பாதிக் கூலிக்குத் தைக்கிறான். குழாயில் தண்ணீர் இல்லை. போன வாரம் மளிகைக்கடையில் ஒரு தராசு காணோம். ஆளாளுக்கு அவனைத்தான் கை காட்டுகிறார்கள்.

தீர்மானம் எழுதியது நான். எட்டாவதோடு நின்றவன் எழுத்தா இது என்று அசந்துபோனார்கள். இத்துடன் நகல் வைத்திருக்கிறேன். சந்திப்பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. லீவுக்கு என்றைக்கு வருகிறாய் என்று அம்மா நச்சரிக்கிறாள்.

உன் அப்பா,
சங்கச் செயலாளர்


மார்ச் 9

அன்புள்ள அப்பா,

சந்திப்பிழை இல்லை. வேறு பிழை இருக்கிறது. முதல் பத்தியில் ‘தையல்காரனும் அவனைச் சேர்ந்தவர்களும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பத்தியில் ‘மேற்படி கயிற்றுக்காரன் கடையைக் காலி செய்ய வேண்டும்’ என்று இருக்கிறது. கீழே பதினெட்டுப் பேர் கையெழுத்து. ஒருவரும் படிக்கவில்லை போல. இதன்படி நீங்கள்தான் நம் கயிற்றுக்கடையைப் பூட்ட வேண்டும்.

எந்தப் பழைய நோட்டைப் பார்த்து எழுதினீர்கள்? அந்தக் கயிற்றுக்காரன் தாத்தாதானே? வந்த முதல் நாளே தாத்தா கடை போட்டார் என்று சொல்லித்தானே என்னை வளர்த்தீர்கள்?

நான் வரலாற்று வகுப்பில் நடத்தும் பழைய பதிவுகளிலும் இதே மூன்று புகார்தான் அப்பா. தண்ணீர், திருட்டு, விலைக் குறைப்பு. ஆளின் தொழில் மட்டும் மாறும். வந்தவனை விரட்டியதால் குழாயில் தண்ணீர் வந்ததாக எந்தப் பதிவிலும் நான் படித்ததில்லை.

லீவுத் தேதியை இப்போது சொல்ல முடியவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 16

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

செயலாளர் ஆனபோது சங்கத்தின் பழைய நோட்டு என் கைக்கு வந்தது. நல்ல வாசகம் தயாராக இருக்கிறதே, புதிதாக எதற்கு மெனக்கெட வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்றால் நீ நம்பிவிடுவாய். தெரிந்துதான் செய்தேன். கயிற்றுக்காரன் என்பதை அடித்துத் தையல்காரன் என்று எழுதும்போது பேனா ஒரு நொடி கூட நிற்கவில்லை. ஓரிடத்தில் அடிக்க மறந்தது மட்டும்தான் தவறு என்று உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குக் கூட நினைத்தேன்.

அந்தப் பழைய நோட்டில் இருந்த தீர்மானத்தால் கடையை இழந்து உன் தாத்தா ஏழு வருஷம் தெருமுனைச் சுவரோரம் நின்று விற்றார். நானும் கூட நின்றேன். அதை உன்னிடம் சொல்லக் கூசினேன். கூச வேண்டியது எதற்கு என்று இந்த வயதில்தான் உறைக்கிறது.

சங்கத்தைக் கூட்டிப் பழைய நோட்டைப் படித்துக் காட்டினேன். “உங்க அப்பா வேற, இவன் வேற” என்றார் மளிகைக்கடைக்காரர். அன்றைக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். செயலாளர் பதவியை அங்கேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

நேற்று தையல்காரரிடம் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து தைக்கும் ஸ்டூலையே எனக்குத் தள்ளினார்.

“காலி பண்ண வேண்டாம்” என்றேன்.

“அடுத்த கூட்டம் வரைக்குமா, முதலாளி?”

வெற்றுப் பேச்சு அவருக்கு எதற்கு? தாள் கேட்டு வாங்கி, இந்த முறை எதையும் பார்க்காமல் எழுதினேன். ஐந்து வருஷக் குத்தகை. தெருவில் மற்றவர்களுக்கு உள்ள வாடகைதான். சங்கம் எந்தத் தீர்மானம் போட்டாலும் இது செல்லும். கடைசியாக அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்தத் தராசை அவர் எடுக்கவில்லை என்று நான் கைப்பட எழுதி, அவர் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

கயிற்றுக்காரன் மகன்